பல் சக்கர எஞ்சினும் இரண்டு எலுமிச்சம்பழமும்

எலுமிச்சம்பழத்தைப் பார்த்து வேர்த்துப்போன மனுசனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அரியலூரில் ஜெயங்கொண்டம் ரோட்டு லேத் பட்டறையில் வேலை பார்த்த அய்யம்பெருமாள், எண்பத்தொன்றாம் வருசம் ஆயுத பூஜை அன்று அப்படித்தான் வேர்த்து நின்றான்.

விக்கிரமங்கலத்தில் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போன குடும்பம். அஞ்சாம் வகுப்போடு படிப்பு சரி. பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தவன், பதினெட்டு வருசத்தில் பல் சக்கரம் வெட்டுவதில் கைகாரன் ஆகிவிட்டான். சுண்ணாம்புக்கல் லாரியோ ஆயில் எஞ்சினோ, அவன் வெட்டிப் போட்ட பல் சத்தமில்லாமல் ஓடும்.

சுரங்கத்து எஞ்சினியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது முழுக்கச் சின்ன ரயில் படங்கள். சின்னது என்றால் கைக்குள் அடங்குவதில்லை. ஆள் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற அளவு. அதில் ஒரு எஞ்சின் அவனைத் தூங்கவிடவில்லை. மலைக்காட்டில் மரம் இழுக்கிற எஞ்சின் அது. வலப்பக்கம் மூன்று சிலிண்டர் நட்டமாக நிற்கும். அவை ஒரு நீளத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து நாலு அச்சுக்கும் தனித்தனியே பல் சக்கரம். மெதுவாகத்தான் போகும், ஆனால் செங்குத்திலும் ஏறும். அய்யம்பெருமாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பல் தெரியும்.

முதலாளி வைரக்கண்ணுவிடம் போய் நின்றான். பழைய பம்புகளை உடைத்த பித்தளை பட்டறை மூலையில் குவிந்து கிடந்தது.

"இந்த மாதிரி எஞ்சின் ஒண்ணு ஞாயித்துக்கெழமயில செஞ்சுக்கறேன் மொதலாளி. பித்தளைய மட்டும் குடுங்க."

"எடுத்துக்க. ரெண்டு வருசம் டயம். எண்பத்தொன்னு ஆயுத பூசைக்கு எல்லார் முன்னாடியும் ஓடணும். ஓடலன்னா மறுநாளே உலையில போட்டு உருக்கிடுவேன். அப்பறம் என்னைய குத்தம் சொல்லக்கூடாது."

வைரக்கண்ணு சொன்னால் செய்கிற ஆள். அதுதான் வினை.

படத்தில் பாய்லர் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. படம் பிடித்தவன் கோணலாகப் பிடித்துவிட்டான் என்று நினைத்து அய்யம்பெருமாள் அதை நட்டநடுவில் வைத்தான். எஞ்சின் சிலிண்டர் பக்கம் குடைசாய்ந்தது. அந்தப் பக்கத்துப் பாரத்துக்கு ஈடாகத்தான் எஞ்சினைச் செய்தவன் பாய்லரை ஒதுக்கியிருக்கிறான் என்று புரிந்து, பிரித்துத் திரும்பப் பூட்டுவதற்குள் நாலு மாசம் போய்விட்டது. கடைசிப் பல்லை வெட்டி முடித்தபோது பூஜைக்கு மூன்று நாள்தான் பாக்கி.

பூஜையன்று பட்டறை முற்றத்தில் அறுபதடிக்கு இரும்பு ஆங்கிளில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கடைசி இருபதடி மேடு. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் முந்திரிக் கட்டை நாலு. அடுப்புக்கரி கனன்று, நீராவி அளவு காட்டும் முள் ஏறி நின்றது. எல்லாம் சரியாக இருந்தது.

அப்போதுதான் முதலாளியின் மனைவி கிருஷ்ணம்மாள் தட்டில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். புது வண்டி முதலில் பழத்தை நசுக்கித்தானே கிளம்ப வேண்டும்? இரண்டு வருசத்தில் அய்யம்பெருமாள் யோசிக்காமல் விட்டது இது ஒன்றைத்தான். வலப்பக்கம் சக்கரத்தை ஒட்டி வெளியே பல் எல்லாம் திறந்து கிடந்தது. நெல்லுமணி விழுந்தாலே தாங்காது.

"அம்மா, எடப்பக்கம் மட்டும் வைங்களேன். இந்தப் பக்கம் பல்லு இருக்கு."

"ஏம்ப்பா, புள்ளைக்கு ஒத்தக் கண்ணுலயா மை தீட்டுவாங்க? ரெண்டும்தான் வைக்கணும்."

"மலையேறும்னு சொன்ன ரயிலு பழத்துக்கே பயப்புடுதுடோய்!" என்றான் வெல்டர் பூமாலை. முற்றமே சிரித்தது.

"லாரிக்கு வைக்கிறோமே, லாரி அழுவுதா? வைம்மா நீ" என்றார் வைரக்கண்ணு.

அதற்குமேல் பேசினால் அபசகுனம். அய்யம்பெருமாள் நெற்றி வேர்வையை வழித்துவிட்டு நீராவியைத் திறந்தான். இடப்பக்கத்துப் பழம் பிதுங்கி நசுங்கியது. வலப்பக்கத்துப் பழம் நழுவி, பல்லுக்குள் போனது. கறுக்கென்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தான். முன் அச்சின் சின்னப் பல் சக்கரத்தில் ஒரு பல் இல்லை.

"உலையை மூட்டச் சொல்லட்டுமா?" என்றார் முதலாளி. சிரிக்கவில்லை.

"அஞ்சு நிமிசம் மொதலாளி. நாலு அச்சுல மூணு நல்லா இருக்கு."

"நாலு கால் மாடு மூணு கால்ல உழுவுமா?"

அய்யம்பெருமாள் கிருஷ்ணம்மாளிடம் கொண்டை ஊசி வாங்கித் தோலையும் விதையையும் நோண்டி எடுத்தான். நீராவி முள் இறங்கிக்கொண்டே வந்தது. கரி போட நேரமில்லை. உடைந்த சக்கரத்தின் ஸ்க்ரூ கொதித்துக் கிடந்தது. வேட்டி நுனியால் பிடித்துக் கழற்றினான். விரல் பொத்துப்போனது. தண்டை விலக்கி, உடைந்த சக்கரத்தை உருவியெடுத்து, தண்டை மறுபடி பூட்டினான். முள் பாதிக்கும் கீழே.

திறந்தான். எஞ்சின் நகர்ந்தது. சத்தத்தைக் கேட்டால் எக்ஸ்பிரஸ், வேகத்தைப் பார்த்தால் நத்தை. மேட்டில் கால்வாசி ஏறியதும் திணறியது. முன் அச்சு சும்மா உருள, பின்னால் மூன்றும் கடித்துக் கடித்து இழுத்தன. முந்திரிக் கட்டை ஒன்று சரிந்து விழுந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. மேட்டு உச்சியில் போய் நின்றபோது முள் அடியில் கிடந்தது. இன்னும் ஓரடி இருந்திருந்தால் ஏறியிருக்காது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பூமாலைதான் முதலில் கைதட்டினான். வைரக்கண்ணு எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"ஓடாதத உருக்குறேன்னு சொன்னேன். அந்த ஒடஞ்ச சக்கரத்தக் குடு."

கொடுத்தான். பொரிகடலை வாங்க எல்லோரும் உள்ளே போனார்கள். அய்யம்பெருமாள் போகவில்லை. நெருப்பை வாரிக் கொட்டிவிட்டு, பாய்லர் ஆறும்வரை எஞ்சின் பக்கத்திலேயே குந்தியிருந்தான். முதலாளி மனசு மாறி எஞ்சினையும் உருக்கக் கேட்டு வந்துவிடுவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே.