கோமளவல்லி மைனி வளர்த்த குரோமியக் கிருமி

என் அண்ணன் மனைவி கோமளவல்லிக்கு நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பதினேழு வருடமாகக் குடுவை கழுவுகிறார், கிருமிகளுக்கு உணவு காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுகிறார். தோஹாவிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நான் கூப்பிடும்போது முதல் கேள்வி கையுறையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

"போட்டிருக்கேன் மக்கா. நீ அங்க கெடந்து பயந்தா இங்க கிருமி சாவுமா?" என்பார் மைனி.

பயப்படாமல் எப்படி? அவர் கையாள்வது குரோமியம். தக்கலைப் பக்கம் மூடிக்கிடந்த, இரும்புக்குக் குரோமிய முலாம் பூசும் ஒரு பட்டறையின் பின்னால், மண் மஞ்சள் பாரித்து, புல்கூட முளைக்காமல் கிடந்தது. அந்த மண்ணிலிருந்து ஆர்த்திகா என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். மஞ்சளான குரோமியக் கரைசலில் அதை விட்டால் இரண்டே நாளில் நிறம் வெளுத்துவிடும். உடம்புக்குள் புகுந்து கேடு செய்யும் குரோமியத்தை, எளிதில் கரையாத, அத்தனை நஞ்சில்லாத வேறொன்றாக அது மாற்றிவிடுகிறது. அந்தத் திறமைக்கான மரபணு எங்கே இருக்கிறது என்று மூன்று வருடமாக ஆர்த்திகா தேடிக்கொண்டிருந்தாள்.

போன கோடையில் அவளுக்கு அம்மை போட்டது. தேறி வர ஆறு வாரம். கிருமியை இரண்டு நாளுக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றும் பொறுப்பு மைனிக்கு வந்தது. "குரோமியம் சேத்த தட்டுலதான் மாத்தணும் அக்கா" என்று போனில் சொல்லியிருந்தாள்.

மைனி பார்த்தார். குரோமியத் தட்டில் கிருமிகள் சிறுத்து, வெளிறி, நோயாளிபோல இருந்தன. அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு கிடையாது, காரம் கிடையாது. "அவளுக்கே வெறுங்கஞ்சி. இதுகளுக்கு மட்டும் எதுக்கு நஞ்சு? அவ வந்த பொறவு குடுத்தாப் போச்சு" என்று குரோமியம் சேர்க்காத தட்டில் வைத்தார். கிருமிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மைனிக்கு ஒரே சந்தோஷம்.

ஆர்த்திகா திரும்பி வந்து, அவற்றை மஞ்சள் கரைசலில் விட்டாள். நாலு நாளாகியும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"அக்கா, என்ன குடுத்தீங்க இதுக்கு?"

மைனி சொன்னார். ஆர்த்திகா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உறைபெட்டியில் சேமித்து வைத்திருந்த அதே கிருமியின் கையிருப்பு, கரண்ட் இல்லாத இரண்டு நாளில் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. மறுபடி மண் எடுக்கலாமென்றால், பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம்; பின்பக்கம் முழுக்க கான்கிரீட்.

"அந்த ஜீன் கிருமியோட சொந்த டிஎன்ஏவுல இல்ல போலிருக்கு அக்கா. தனியா ஒரு சின்ன வளையத்துல இருந்திருக்கும். பிளாஸ்மிட்டுன்னு சொல்வாங்க. நஞ்சு இல்லாத எடத்துல அது சுமைதானே? பெருகப் பெருக அது இல்லாததுங்கதான் நெறஞ்சிரும்."

மைனி அன்றைக்குக் கொண்டுபோன சோற்றைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கேட்டார்: "ஏட்டி, அம்புட்டுமா தொலைச்சிருக்கும்? பிடிவாதக்காரி ஒருத்திகூடவா இருக்க மாட்டா?"

"கோடியில ஒண்ணு இருக்கலாம்."

"அப்பம் கோடியையும் பாப்போம்."

அறுபது தட்டுகளில் குரோமியம் கலந்து ஊற்றி, கொழுத்த கிருமிகளை எடுத்துப் பரப்பினார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. செவ்வாய்க்கிழமை மைனியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்துதான் என்று பதறி எடுத்தேன்.

"மக்கா, ரெண்டு கெடச்சிருக்கு! ஊசிமுனை அளவு."

ஐம்பத்தெட்டுத் தட்டுகள் வெறுமை. மீதி இரண்டில் ஒவ்வொரு புள்ளி. அவற்றைக் கரைசலில் விட்டார்கள். வியாழன் மாலைக்குள் குடுவை தண்ணீர்போலத் தெளிந்தது.

பிறகு தொலைத்த கிருமியின் டிஎன்ஏவையும் தொலைக்காததன் டிஎன்ஏவையும் ஒரு கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சிப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மைனி அதை வீடியோவில் காட்டினார். புற ஊதா வெளிச்சத்தில் ஒரு வரிசையில் மெல்லிய கோடொன்று கூடுதலாக மின்னியது. அடுத்த வரிசையில் அந்த இடம் இருட்டு. மற்றபடி இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. மூன்று வருடம் தேடியது அந்தக் கோட்டில்தான் இருந்திருக்கிறது. மைனியின் வெறுங்கஞ்சி இல்லாமல் இந்த ஜோடி கிடைத்திருக்காது என்று ஆர்த்திகா தன் ஆய்வேட்டில் அவர் பெயரையும் எழுதப்போகிறாளாம்.

மைனி அதைக் காதில் வாங்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டறை வந்து முப்பது வருசம் இருக்குமா? அதுக்குள்ள இதுக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"பக்கத்துல கெடந்த வேற கிருமி குடுத்திருக்கும் அக்கா. இதுங்க ஒட்டி நின்னு, வளையத்த நகல் எடுத்துக் கைமாத்திக்கும். ஒரே இனமாக்கூட இருக்கணும்னு இல்ல."

"கேக்காமலேயா?"

"கேக்க வாய் ஏதுக்கா?"

மைனி கோட்டின் பக்கம் இன்னும் குனிந்தார். புற ஊதா விளக்கை அணைக்கப் போன ஆர்த்திகாவின் கையைப் பிடித்து, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று சைகை காட்டினார்.