சித்தூரிலிருந்து வந்த மூன்றாவது கொட்டேஷன்

நிபந்தனையோடு வரும் கொட்டேஷனைப் பரிசீலிக்கக் கூடாது என்பது கொள்முதல் விதி. அதற்கு அடுத்த வரியில் இன்னொன்றும் உண்டு. அந்த நிபந்தனை வாங்குபவருக்கு நன்மை தருவதாகத் தோன்றினால், அனுப்பியவரை அழைத்து விளக்கம் கேட்கலாம். முப்பத்தோரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். முதல் வரியை எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது வரியை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. கேட்கலாம் என்றால் கேட்காமலும் இருக்கலாம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் ஓய்வு பெற்ற மூன்றாவது வருடம், திருப்பதியில் நடந்தது இது. ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்திருந்த நேரம். என் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மாடிப் போர்ஷனில் ஒரு தம்பதி குடியிருந்தார்கள். கணவர் இருசக்கர வாகன ஷோரூமில் மெக்கானிக், மனைவி துணித் தொழிற்சாலையில் தையல். இது வாரத்தில் ஆறு நாளைக்கு. முகூர்த்த நாள் வந்துவிட்டால் மனைவி பாடகி, கணவர் சவுண்ட் பார்ப்பவர். விஜயபுரம், பிச்சாட்டூர் பக்கத்துக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து நடத்திய பேண்ட் அது. எல்லையோரக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீடு தமிழ், பெண் வீடு தெலுங்கு என்று இருக்கும். இவர்கள் இரண்டு வீட்டையும் எழுந்து ஆட வைப்பார்கள்.

அவர்களிடம் இருந்த மிக்சர் பழையது. மேடையில் உள்ள எல்லா மைக்குகளும் வாத்தியங்களும் வந்து சேர்கிற பெட்டிக்குத்தான் மிக்சர் என்று பெயர். யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அங்கேதான் கூட்டிக் குறைப்பார்கள். பழைய பெட்டியை ஆட்டோவில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒவ்வொரு மண்டபத்திலும் முதலிலிருந்து திருகி ஆரம்பிக்க வேண்டும். டிஜிட்டல் மிக்சரென்றால் போன தடவை வைத்த அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பேண்டில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர் குவைத்துக்கு டிரைவராகப் போயிருந்தார். அவர் பணம் அனுப்புவதாகச் சொன்னார், கீழ் வீட்டு சார் பார்த்து வாங்கினால் மட்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை நான் நிராகரிக்கவில்லை.

நான் சேர்ந்த காலத்தில் பெரும்பாலான பொருளுக்கு ஊருக்கு ஒரே கடை, நாட்டுக்கு ஒரே கம்பெனி. அப்போது ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்பது பலனை எதிர்பார்க்காமல் செய்யும் கைங்கரியம். இப்போதோ சந்தையில் பத்து வகை மிக்சர். ஓய்வு பெற்ற பிறகு என் கலைக்கு உண்மையான வேலை வந்துவிட்டது என்று உள்ளூர மகிழ்ந்தேன். மூன்று கடைகளுக்கு எழுதினேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆங்கிலத்தில், படத்தோடு கொட்டேஷன் வந்தது. மூன்றாவது, சித்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்து விற்கும் ஒரு சின்னக் கடை. தெலுங்கில் அச்சடித்த தாளில், தமிழில் கையால் எழுதியிருந்தார் அந்தக் கடைக்காரர். விலைக்குக் கீழே ஒரு குறிப்பு. உங்கள் பேண்ட் வாசிக்கும் ஒரு கல்யாணத்துக்கு நான் வந்து, கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்காமல் எந்த மிக்சரும் தர மாட்டேன்.

வாங்குகிறவனுக்கு விற்கிறவன் நேர்முகத் தேர்வு வைப்பதை அன்றுதான் பார்த்தேன். சிவப்பு மையில் 'நிபந்தனைக்குட்பட்டது, நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். முறைப்படி அவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்தும் விட்டேன்.

மிச்சம் இரண்டில் விலை குறைந்ததும், அதிக மைக்குகள் செருகக்கூடியதும் பெங்களூர் பெட்டி. தலையணை அளவுதான் இருக்கும். அதன்மேல் திருகும் குமிழோ, ஏற்றி இறக்கும் தள்ளுகட்டையோ எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் டேப்லெட்டில் விரலால் தள்ள வேண்டும், வைஃபையில் வேலை செய்யும். மெக்கானிக் ஒரே ஒரு தடவை, "கைக்கு இன்னாவாச்சும் தட்டுப்படணும் சார்" என்றார். அது அபிப்பிராயம், அளவீடு அல்ல என்று நான் ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்க்கவில்லை. பெட்டி வந்ததும் என் வீட்டு மொட்டை மாடியில் சோதனை நடத்தினேன். இருந்த ஏழு பேரும் வாசிக்க, நான் ஒருவன் கேட்டேன். குறை ஒன்றும் இல்லை. திருப்தி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

முதல் நிகழ்ச்சி சித்திரை மாதம், புத்தூர் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், சாயங்கால ரிசப்ஷன். பெண்ணின் அப்பாவே மண்டபத்துக்கும் சொந்தக்காரர். அன்றைக்குப் பிடித்துவிட்டால் தன் மண்டபத்து ரிசப்ஷன் எல்லாம் இவர்களுக்கே என்று சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் தம்பதி பெங்களூருக்குப் போவதென்று முடிவு. உறவினர் ஒருவர் இருவருக்கும் ஒரு கிடங்கில் பார்சல் கட்டும் வேலை பார்த்து வைத்திருந்தார். கிடார் ஏற்கெனவே குவைத்தில். குரலும் போய்விட்டால் பேண்ட் என்று ஒன்று இருக்காது. இது எனக்குத் தெரியும். அதனால்தான் கோப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன்.

முதல் நாலு பாட்டு அருமை. மெக்கானிக் கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். மேடையில் பெட்டி, டிரம்ஸுக்குப் பின்னால். அப்புறம் பெண்ணின் தாய்மாமன் மண்டப மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவர் பேசி முடிக்கும்வரை மேடை மின்விசிறியின் இரைச்சல் கேட்காமலிருக்க, மெக்கானிக் பாடுகிறவர்களின் மைக்குகளை மட்டும் மூடி வைத்தார். அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து கூட்டம் உள்ளே வந்தது. மணமக்கள் மேடையேற, எல்லார் கையிலும் போன் உயர்ந்தது. டேப்லெட்டில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

கீபோர்டும் டிரம்ஸும் கம்பீரமாக ஆரம்பித்தன. பாடகரும் பாடகியும் வாயைத் திறந்தார்கள். சத்தம் இல்லை. வாத்தியக்காரர்கள் முன்னிசையையே இன்னொரு சுற்று வாசித்தார்கள். மறுபடி வாய் திறந்தது, மறுபடி சத்தம் இல்லை. பின் வரிசையிலிருந்து ஒருவர், "அம்மா, கொஞ்சம் கட்டிகா பாடண்டி!" என்று சத்தமாகப் பாடச் சொல்லித் தெலுங்கில் கத்த, கூடம் சிரித்தது. மெக்கானிக் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே மேடைப் பக்கம் ஓடினார். பாடகி மேடை ஓரத்துக்கு வந்து, எனக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"பத்து வருசமா என் வாய மூடணும்னு பாத்துக்கினு இருந்தியேய்யா, இன்னிக்கி மூடிட்டியா?"

மண்டப மைக் தாய்மாமன் கையில். அவர் அதை விடுபவராகத் தெரியவில்லை. பெங்களூர் கடைக்குப் போன் செய்தேன். எங்கள் சேவை நேரம் காலை பத்து முதல் மாலை ஆறு வரை என்றது ஓர் இனிமையான குரல். கோப்பைப் புரட்டினேன். சிவப்பு மைக்குப் பக்கத்தில், தெலுங்குத் தாளின் தலைப்பில், ஒரு நம்பர் இருந்தது. வாசலுக்குப் போய் அழைத்தேன், மூன்றாவது முயற்சியில் கிடைத்தது.

"எவுரண்டி?"

நான் யாரென்று சொன்னேன்.

"ரிஜிஸ்டர் தபால் சாரா? சொல்லுங்க சார். மொத்தமா நின்னு போச்சா, பாடறவங்க மட்டுமா?"

"பாடுகிறவர்கள் மட்டும்."

"அப்ப பொட்டி நல்லாத்தான் கீது. டேப்லெட்டுதான் கூட்டத்துல தொலைஞ்ச புள்ள மாதிரி முழிச்சிக்கினு கீது. எவ்ளோ தூரத்துல ஒக்காந்துக்கினு கீறாரு உங்க ஆளு?"

சொன்னேன்.

"எல்லா போனும் நடுவுல கத்திக்கினு கீது சார், அது இன்னா பண்ணும்? டேப்லெட்ட ஆஃப் பண்ணிட்டு, பொட்டிமேலயே ஏறி ஒக்காந்துக்கினு ஆன் பண்ணச் சொல்லுங்க. எடம் விட்டு எந்திரிக்கக் கூடாது. இன்னொண்ணு, அங்க டிரம்ஸுக்குப் பின்னால அவருக்கு கூடத்துல எப்படிக் கேக்குதுன்னு தெரியாது. கூட்டத்துக்குள்ள காது ஒண்ணு வேணும். யாருனா நின்னு, ஏத்தவா எறக்கவான்னு கை காட்டணும்."

"யார் காட்டுவது?" என்று கேட்டேன்.

"நீங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

ஓடிப்போய் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் டிரம்ஸுக்குப் பின்னால் போய்ப் பெட்டிமேல் கோழி அடைகாப்பது மாதிரி உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஆனது. அது எவ்வளவு நீளமான நிமிடம் என்பதற்கு அளவீடு இல்லை. திடீரென்று பாடகியின் குரல் ஒரு வரியின் பாதியிலிருந்து கூடத்தில் வந்து விழுந்தது. முன்பு கத்தியவரே முதலில் கை தட்டினார்.

அப்புறம் நான் நடுக் கூடத்தில் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றேன். பெண் குரல் அமுங்கினால் என்னைத் தொண்டையைத் தொட்டுக் கையை உயர்த்தச் சொன்னார் மெக்கானிக். கீபோர்டு அதிகமென்றால் விரல்களை ஆட்டிக் கையை இறக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையும் பையில் இரண்டு பேனாவுமாக, போக்குவரத்துக் காவலர் மாதிரி நின்றேன். குழந்தைகள் என்னையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எதிரில் நின்று அதே மாதிரி கை காட்டின. வருடக்கணக்கில் என் மாடியிலிருந்து வந்துகொண்டிருந்த பாடகியின் குரலை, யாராவது பேசினால் எங்கே அமுங்குகிறது, மின்விசிறிக்குக் கீழே எப்படி மாறுகிறது என்று அன்றுதான் கவனித்துக் கேட்டேன். கூட்டம் வந்ததும் கூடத்தின் ஒலியே மாறிவிடுகிறது. மொட்டை மாடியில் நான் சோதித்தது வேறு எதையோ.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் கொட்டேஷனில் கேட்டது இதைத்தான். கூட்டத்தோடு இருந்து கேட்க வேண்டும். நிராகரித்த நிபந்தனையை நாற்காலிமேல் நின்று நானே நிறைவேற்றிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பெண்ணின் அப்பா வந்தார். "மொதல்ல ஊமைப் படம் காட்டினீங்க, அப்புறம் பரவால்ல" என்றார். வைகாசியில் ரெண்டு ரிசப்ஷன் பார்க்கலாம், அதற்கப்புறம் சொல்கிறேன் என்றும் சொன்னார். வீடு திரும்பும்போது ஆட்டோவில், "நீங்க இல்லன்னா சார்..." என்று பாடகி ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவர் எப்படி முடித்திருந்தாலும் எனக்குப் பொருந்தியிருக்காது. அந்த மிக்சரை வாங்கியதே நான்தானே.

பெங்களூர்ப் பயணம் ஆடி முடியும்வரை தள்ளிப் போடப்பட்டது. குவைத்திலிருந்து இன்னொரு மிக்சருக்கு வழியில்லை. பெட்டிமேல் உட்கார்ந்தே எத்தனை கல்யாணம் ஓட்டுவது? மறுநாளே சித்தூருக்கு எழுதினேன். தங்கள் கொட்டேஷனை நிராகரித்தது தவறு. நிபந்தனை ஏற்கப்படுகிறது, வரும் நிகழ்ச்சிகளின் தேதியும் இடமும் கீழே. எங்களுக்கு எது ஏற்றது என்று தயவுசெய்து தெரிவிக்கவும். வாழ்க்கையில் என் கையால் எழுதிய முதல் மன்னிப்புக் கடிதம் அது. அதற்கு மாதிரிப் படிவம் எதுவும் இல்லாததால் நாலு தாள் கிழிந்தது.

பதில் இல்லை. ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டு ஒன்று, அதற்கடுத்த மாதம் நினைவூட்டு இரண்டு, ஒவ்வொன்றிலும் அடுத்த நிகழ்ச்சியின் தேதி. போன் செய்தால் கடைப் பையன், ஓனர் வெளியே போயிருக்கிறார் என்பார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். நியாயம்தான். எங்கள் அலுவலகத்துக்கும் இப்படித்தான் எத்தனையோ பேர் நினைவூட்டு எழுதியிருப்பார்கள். பதில் வராத பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இதற்கிடையில் வைகாசி ரிசப்ஷன் இரண்டும் ஆடியில் பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு கூழ் ஊற்றும் திருவிழாவும் நடந்தன. மூன்றிலும் மெக்கானிக் பெட்டிமேல், நான் நாற்காலிமேல்.

கடைசியில், தெலுங்குத் தலைப்புள்ள அதே தாளில் ஒரு கடிதம் வந்தது. ஒரு கூட்டத்தை மட்டும் கேட்டுச் சொல்வது தப்பு, அதனால் மூன்றுக்கும் வந்தேன் என்று எழுதியிருந்தார். சித்தூரிலிருந்து பைக்கில் வந்து, கூட்டத்தோடு உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாமல் திரும்பியிருக்கிறார். இரண்டாவது கல்யாணத்தில் சாம்பாரில் உப்புக் குறைவு என்பதையும் விடவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார். புது மிக்சர் வேண்டாம். இருக்கும் பெட்டியின் பின்பக்கம் ஒயர் செருக ஒரு துளை இருக்கும், அதிலிருந்து கூடத்தின் கடைசிவரை ஒரு நீள ஒயரை இழுத்துப் பழைய லேப்டாப் ஒன்றில் செருகினால் போதும், ஒயருக்குக் கூட்டம் தெரியாது. தள்ளுகட்டைகள் உள்ள சின்னப் பெட்டி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, அதை லேப்டாப்போடு சேர்த்தால் உங்கள் ஆளின் கைக்கு ஏதாவது தட்டுப்படும், வந்து எடுத்துப் போகவும். அந்தம்மா குரல் பெங்களூருக்குப் பார்சல் கட்டப் போகக் கூடாது. நாற்காலிமேல் நிற்கும் பெரியவருக்குக் காது நல்ல காது, கைதான் கொஞ்சம் லேட்.

பெங்களூரைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று மாடியில் கேட்டேன். மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். "பந்தில எதிர்ல ஒக்காந்து துன்னுக்கினே கேட்டாரு சார், சொன்னேன். யாரோ பொண்ணு வூட்டு மாமான்னு நெனச்சேன்" என்றார் பாடகி.

தம்பதி இன்னும் என் மாடியில்தான் இருக்கிறார்கள், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஒயர் இன்னும் கூடத்தின் கடைசிவரை போகிறது. எந்தக் காகிதத்தில் யார் எந்த நிபந்தனை எழுதியிருந்தாலும், ஏன் என்று ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்காமல் இப்போது நான் பேனாவைத் திறப்பதில்லை. அந்த விதியின் இரண்டாவது வரி எனக்கு அமலுக்கு வந்த நாளாக நான் வைத்திருப்பது, பழக்கத்தில் அவர் கடிதத்தின் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்ட தேதியைத்தான்: ஆகஸ்ட் பத்தொன்பது.