கோபக்காரனோடு டீ குடிக்க அனுப்பிய பிலோமினா மேடம்

பிலோமினா மேடம் போய்விட்டார்.

காலையில் ஆபீஸ் குரூப்பில் மேடம் நம்பரில் இருந்தே அவர் தம்பி மெசேஜ் போட்டிருந்தார். படித்தேன், ஆனால் மண்டையில் ஏறவே இல்லை. தூக்கத்திலேயே மாரடைப்பாம். ஐம்பது கூட ஆகவில்லை. நேற்று சாயங்காலம்தான் போன் பண்ணி, அப்ரைசலை இன்னும் முடிக்கவில்லை என்று என்னைக் காய்ச்சி எடுத்தார்...

தெரியாதவர்களுக்காக... தஞ்சாவூரில் எங்கள் கம்பெனிக்கு எச்.ஆர். அவர்தான். விவசாயிகள் அறுவடை மெஷினை போனிலேயே புக் பண்ணுகிற ஆப், அதுதான் எங்கள் தொழில். மாடியில் இரண்டு ஹால், கீழே மெடிக்கல் ஷாப். அவ்வளவுதான் ஆபீஸ். ஆனால் எங்கள் எம்.டி. முரளி சாரிடம் சிங்கப்பூர் வரைக்கும் பிளான் உண்டு.

அழுது வடிகிற பதிவு என்றால் பாதியிலேயே தள்ளிவிட்டுப் போகிற ஆள் மேடம். அதனால் நானும் அப்படி எழுதப் போவதில்லை.

ஒருமுறை முரளி சார் பெங்களூர் போய் வந்து, கல்ச்சர் என்றால் இதுதான் என்று நான்கு பீன் பேக் வாங்கிப் போட்டார். முதலில் உட்கார்ந்தது மேடம்தான். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கை பிடித்து இழுக்க, "கல்ச்சர் என்னை விட மாட்டேங்குது சார்" என்று அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அதில் பில்டிங் பூனை மட்டும்தான் தூங்கியது.

இன்டர்வியூவில் அவர் கேட்கிற கேள்வி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பழைய ஆபீசில் யாரை மிஸ் பண்றீங்க? யாரையும் இல்லை என்று சொல்கிறவர், எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் தேற மாட்டார்.

ஆனால் அவருடைய பெரிய வேலை டீதான்.

வேலைக்கு வருகிறவரை ஆஃபர் கொடுப்பதற்கு முன் எதிர்க்கடைக்கு டீ குடிக்க அனுப்புவார். யாரோடு? அன்றைக்கு கம்பெனி மேல் அதிகக் கோபத்தில் இருக்கிறவரோடு! அந்த ஆளிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், அவரும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பெரும்பாலும் அந்த ஆள் நான்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊருக்கே தெரியும். கம்பெனி செலவில் நான் குடித்த டீக்கு அளவே கிடையாது.

அப்படித்தான் செந்தில் வந்தார். சீர்காழிக்காரர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தார், ஊர்ப்பக்கம் திரும்பிவிடலாம் என்று ஆசை. முரளி சார் மாதக்கணக்கில் பேசிப் பேசி அவரை வரவழைத்திருந்தார். சிங்கப்பூர் பிளானே அவரை நம்பித்தான் இருந்தது.

அவர் வந்த நாளில் நான் எரிந்துகொண்டிருந்தேன். சம்பா அறுவடை நேரம். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வயலில் நெல் முற்றி நிற்கிறது, மழை வரும் என்கிறார்கள், அப்பாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன். லீவு கேட்டால், சீசன் நேரத்தில் யாருக்கும் கிடையாது என்று சார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அறுவடைக்கு ஆப் செய்கிற கம்பெனியில் அறுவடைக்கு லீவு இல்லை! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

மேடம் என்னைக் கூப்பிட்டு, செந்திலைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். "இன்னிக்கு வேணாம் மேடம், நான் நல்லபடியா பேச மாட்டேன்" என்றேன்.

"அதுக்குத்தாங்க உங்களை அனுப்புறேன்."

போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். செந்தில் பொறுமையாகக் கேட்டார். மாடிக்கு வந்து, எனக்கும் ஊரில் நிலம் இருக்கிறது சார், இது எனக்குச் சரிப்படாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முரளி சார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும் மேடத்திடம், இந்த டீ வேலை இன்றோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.

மேடத்தின் கணவர் தவறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பையன் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அந்தச் சம்பளம்தான் வீட்டுக்கே.

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"பொய் சொல்லி அவரைக் கூட்டிட்டு வந்தா, குடும்பத்தோட வீட்டைக் காலி பண்ணிட்டு வருவார் சார். அப்புறம் தெரிஞ்சா எங்க போவார்? நான் போறேன், பரவால்ல. ஆனா எனக்குப் பதிலா யாரை எடுத்தாலும், முதல்ல என்னோட ஒரு டீ குடிக்கச் சொல்லுங்க. இன்னிக்கு இந்த ஆபீஸ்லயே அதிகக் கோவம் எனக்குத்தான்."

சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மணி, நீங்க ஊருக்குக் கிளம்புங்க" என்றார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமாக ஓடினேன். மழைக்கு முன்னால் நெல் வீடு வந்து சேர்ந்தது. அடுத்த சீசனில் இருந்து நிலம் இருக்கிற எல்லோருக்கும் முறை வைத்து அறுவடை லீவு. சிங்கப்பூர் இன்னும் பிளானாகத்தான் இருக்கிறது. டீயும் நிற்கவில்லை, மேடமும் அந்த நாற்காலியிலேயே இருந்தார், நேற்று வரைக்கும்...

இன்றைக்குக் காலையில் புது நம்பரில் இருந்து ஒரு மெசேஜ். "செந்தில், சீர்காழி. மேடம் ஸ்டேட்டஸ்ல அவங்க தம்பி போட்ட செய்தி பார்த்தேன். லீவு போட்டுட்டு சென்னையில இருந்து கிளம்பிட்டேன். எத்தனை மணிக்கு அடக்கம்?"

எங்கள் கம்பெனியில் ஒரு நாள் கூட வேலை பார்க்காத மனுஷன்.

சாயங்காலம் நாலு மணிக்கு சர்ச்சுல பூசை, முடிஞ்சதும் அடக்கம், செந்தில். மெதுவா வாங்க, நான் சர்ச் வாசல்லயே நிக்கிறேன்.

மேடம்... அப்ரைசலை முடித்துவிட்டேன். நிம்மதியா தூங்குங்க.