மகன் கழுத்தில் போட்ட செயின்

அம்மன் கோயிலுக்கு வரும் அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ. கோணல்மாணலா எழுதுவேன், மறதியும் ஜாஸ்தி. பொறுத்துக்கணும்.

தொண்ணூற்றி ஆறோ ஏழோ, ஆடி மாசம். என் மகன் குமாருக்கு ரத்தப் புத்துநோய். அவன் அக்கா செல்வியோட எலும்பு மஜ்ஜையை எடுத்து அவனுக்கு ஏத்தியிருந்தாங்க. பிழைச்சிட்டான்னு அண்ணனூர்ல எங்க வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கொஞ்ச நாள்லயே காய்ச்சல். கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கிச்சு. எனக்கு அழுகை வரல. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு குப்பம்மா பார்த்துட்டு, "இது பொன்னுக்கு வீங்கிதான்டி. கழுத்துல பவுன் போடு, எறங்கிடும்"னா. என்கிட்ட ஏது பவுன்? எல்லாம் வைத்தியத்துக்குப் போயிடுச்சு. விளக்கு முன்னாடி நின்னு, "தாயே, ஒரு பொட்டு பவுனுக்கு வழி காட்டு"ன்னேன். வேற கேக்கத் தோணல.

அன்னைக்கு சாயங்காலம் செல்வி சொல்லிட்டுப் போக வந்தா. அவ புருசனுக்கு வடக்க மாத்தல், மறுநாள் ரயில். விஷயம் கேட்டு, தன் செயினைக் கழட்டி தம்பிக்குப் போட்டுவிட்டா.

"இன்னாக்கா, மாப்ள மாதிரி கீறேனா?"

"கீறடா. பொண்ணுதான் எவனும் குடுக்க மாட்டான்."

காலையில ரயிலுக்கு முன்னாடி செயினை வாங்கிக்க வந்தா. அது சதைக்குள்ள பதிஞ்சு கிடந்தது. கொக்கியைத் தேடிக் கழட்டறதுக்குள்ள அவளுக்கு வேர்த்துப்போச்சு. "எம்மா, நேத்து தொளதொளன்னு இருந்திச்சு. இப்போ வெரல் நுழையல. இது பொன்னுக்கு வீங்கி இல்ல, கெளம்பு!" புருசனை மட்டும் ரயில் ஏறச் சொல்லிட்டா.

ஆஸ்பத்திரியில கட்டியில துளி எடுத்து சோதிச்சாங்க. நிறைய பேர் உடம்புல சும்மா தூங்குற ஒரு வைரஸாம். அக்கா மஜ்ஜையும் தம்பி உடம்பும் சண்டை போடாம இருக்கக் குடுத்த மாத்திரை, எதிர்ப்பு சக்தியை அமுக்கிடுச்சாம். அதுல வைரஸ் முழிச்சுக்கிட்டு கட்டியா பெருகிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். மாத்திரையைக் குறைச்சாங்க. வீக்கம் நிக்கல. "மஜ்ஜை குடுத்தவங்க ரத்தத்துல இருந்து அணுக்கள் எடுத்து ஏத்தணும். அதுவே அவருக்கு ஆகாமலும் போகலாம். அவங்க எங்க இருக்காங்கம்மா?"ன்னார்.

செல்வி என் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தா. செயின் அவ கைக்குட்டையில முடிஞ்சிருந்தது.

ஏத்தினாங்க. நான் வராண்டாவுல சொட்டுற தண்ணிக் குழாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். வேண்டக்கூட வாய் வரல. "தாயே", அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா கழுத்து வத்திச்சு. ஒருநாள் செல்வி மறுபடி செயினைப் போட்டுப் பார்த்தா. ரெண்டு வெரல் உள்ள போச்சு. அப்பதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போ குமாருக்கே தலை நரைச்சிடுச்சு. ஆடிக்கு ஆடி அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் கூழ் ஊத்துறாங்க. நான் கேட்டது பவுன். தாய் அனுப்பினது அதைப் போட்டிருந்தவளை. வாய் வராத நாள்லயும் தாயைக் கூப்பிடுங்கம்மா, அவளுக்குக் கேக்கும்.

அந்த வைரஸ் பேர் நினைவுல நிக்கல. வருசமும் தப்பா இருக்கலாம். யாராவது செல்வியைக் கேட்டு சரிபார்த்துக்குங்க.