ஈர மணலில் நானும் உண்டு

1998-ஆம் வருடம், ஆடி அமாவாசை. நியூ ஜெர்சியில் எடிசனுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது கோடை. முந்தைய வருடம் ஊரில் அப்பா இறந்தபோது விசா சிக்கலில் மாட்டிக்கொண்டதால் என்னால் போக முடியவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அந்த அமாவாசைக்காவது கடலில் இறங்கி அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் இருந்த ஓர் ஆன்ட்டி, பெண் பிள்ளை செய்கிற வழக்கமில்லை, மனசு கேட்காவிட்டால் பாத்டப்பில் விட்டாலே போதும் என்றார். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் பாத்டப்பில் விடுவதாக இல்லை.

கணவர் காலை மீட்டிங்கை முடித்துவிட்டு வந்து என்னையும் எட்டு வயது மகளையும் அழைத்துப் போனார். தெற்கே ஒரு கடலோர ஊர். பார்த்தால் எடிசன் மாதிரியேதான் இருந்தது. வரிசையாக வீடுகள், புல்வெளி, கராஜ். தெருமுனையில் மட்டும் கடல். அதற்கு முன்னால் ஒரு வேலி, குடையின் கீழ் ஒரு காவலாளி, பேட்ஜ் இல்லாமல் வரக்கூடாது என்று ஒரு பலகை.

நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். எனக்குத் தெரிந்த பேட்ஜ், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு அலைவதுதான்.

"என்னங்க, அதான் இடுப்புல தொங்குதே, எடுத்துக் காட்டுங்க" என்றேன்.

பாவம், அவரும் எடுத்துக் காட்டிவிட்டார். காவலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, இது இந்தத் தெருக்காரர்களின் கடற்கரை, பேட்ஜ் அவர்களுக்கு மட்டும்தான், வெளியாட்களுக்கு விற்பதுகூட இல்லை என்றார். கடற்கரைக்குச் சொந்தக்காரர்கள் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"வா, போலாம். ஆபீஸ் வேற போகணும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் கணவர்.

"இன்னொரு நாள் ஆடி அமாவாசை வருமா?"

ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் இதைப் பார்த்துக்கொண்டே தன் வண்டியில் சிப்பி வாளியை ஏற்றிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். என் கையில் இருந்த செம்பைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். நான் மகளைப் பார்த்தேன். மகள்தான் ஆங்கிலத்தில், இது என் தாத்தாவுக்குத் தண்ணீர், அவர் செத்துப்போய்விட்டார் என்று சொன்னாள்.

அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்தாள். இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் உப்புச் சேறாக இருந்ததாம். சிப்பி அள்ளுகிறவர்கள் குடிசை போட்டிருந்தார்களாம், அவள் தாத்தாவும் அதில் ஒருவர். ரயில் வந்தது. நியூயார்க்கில் இருந்து கோடைக்கு ஆட்கள் வந்தார்கள். சேற்றை மண் போட்டு மூடி வீடு கட்டினார்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். கடைசியில் வேலி வந்தது. ஆனால் அவர்களால் வாங்க முடிந்தது காய்ந்த மணலைத்தான், அலை ஏறி நனைக்கிற மணல் எல்லோருக்கும் பொது, இந்த மாநிலத்தில் சிப்பிக்காரர்கள் எப்போதோ கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த உரிமை அது என்றாள். கடைசி வீட்டுக்கு அப்பால் கருங்கல் கொட்டியிருந்த இடத்தைக் காட்டி, அங்கே பொதுவழி இருக்கிறது என்றாள்.

கல்லில் இருந்து நேரே தண்ணீரில் இறங்க முடியாது, அலை அடித்துவிடும். கல்லைத் தாண்டி, அதே வேலிக்கு முன்னால்தான் நடந்து வர வேண்டும். அமாவாசை என்பதால் கடல் நன்றாக உள்வாங்கி, ஈர மணல் ஒரு தெரு அளவுக்கு அகலமாகக் கிடந்தது. குடைகளுக்குக் கீழே படுத்திருந்தவர்கள் எல்லோரும் என் புடவையைப் பார்த்தார்கள். கணவர் நாலடி பின்னால் வந்தார்.

காவலாளி எழுந்து வந்தார். வழக்கமாக நான் திரும்பி ஓடியிருப்பேன். அன்று நின்றேன். மணல் நிறம் மாறுகிற கோட்டைக் காலால் தொட்டுக் காட்டினேன்.

"வெட் சேண்ட். மை சேண்ட்."

"எவ்ரிபடீஸ், அம்மா" என்று மகள் திருத்தினாள்.

"ஆமாடி. அந்த எவ்ரிபடில நானும் உண்டு."

காவலாளி என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். அதற்கு மேல் இறங்கவில்லை. நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். வீட்டில்கூட அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

அந்தத் தெருக்காரர்களின் பேட்ஜ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அதே வேலிக்கு முன்னால்தான் போய் நிற்கிறேன். வேறெங்காவது யாராவது உனக்கு இங்கே இடமில்லை என்று சொன்னாலும், ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.