மாட்லேனின் கைக்கு ஒரு பிடி

பால்ட்ஸ் ஹெஃப்டி செய்த துப்பாக்கியைப் பார்த்து அழகு என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த ஆளின் கண்ணைத்தான் அவன் சந்தேகப்பட்டிருப்பான். லிந்த் ஆற்றங்கரை ஆலையில் கடைசல் பிடிப்பது அவன் பிழைப்பு. வேலை முடிந்து வந்தால் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, இலக்குச் சுடும் கைத்துப்பாக்கிகளைப் பிரித்து மேய்வான். எடைக்காகக் குழலின் அடியில் ஈயக்கட்டி, குறிமுனைக்கு நிழல் தர மத்தி மீன் டப்பாவின் தகரம், பிடி முழுக்கக் கார் பட்டறையில் நசுங்கல் அடைக்கிற பட்டி. துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் ஒன்றுக்குக் ‘கொதிகெண்டி’ என்று பேர், இன்னொன்றுக்கு ‘மாமியார் மூக்கு’. பேர் வைத்துச் சிரித்தவர்களே பிறகு தங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றார்கள். அவன் கைபட்டவை அவலட்சணம்தான், ஆனால் சுட்டால் குண்டு இலக்கின் நடுவட்டத்தில், பத்தில் போய் விழும்.

மாட்லேனும் அப்படித்தான் வந்தாள். பாலாடைக்கட்டிக் கூடத்தில் வேலை செய்தவள். சின்ன வயதில் புல்வெட்டும் இயந்திரம் அவள் வலக்கைச் சுண்டுவிரலைக் கொண்டுபோயிருந்தது. கடையில் விற்கிற எந்தப் பிடியும் அந்தக் கையில் நிற்கவில்லை. பால்ட்ஸ் ஈரப் பட்டியை உருட்டி அவள் கையில் கொடுத்து, இறுகும்வரை அசைக்கக் கூடாது என்று தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டான். பட்டி இறுகி வெகுநேரமாகியும் அவன் விடவில்லை, அவளும் கையை உருவிக்கொள்ளவில்லை. ஊரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்த அச்சைப் பார்த்து வால்நட் மரத்தில் அவன் செதுக்கிக் கொடுத்த பிடி, இஞ்சித் துண்டு மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. மாட்லேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலை,” என்றாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

பிள்ளை இல்லை. ஞாயிறுகளில் சுடுகளம், பிறகு சங்கத்துக் குடிலில் காய்ந்த தொத்திறைச்சியும் சீட்டாட்டமும். வருஷக்கணக்காக அவள் கை பிடித்துப் பிடித்து அந்த வால்நட் கறுத்து மினுங்கியது. விரல் படுகிற இடமெல்லாம் வழவழவென்று குழிந்திருந்தது.

ஒரு குளிர்காலத்தில் பிடி ஆடுகிறது என்று மாட்லேன் சொன்னாள். பால்ட்ஸ் காற்றைத் திட்டினான். தெற்கே மலையிலிருந்து இறங்குகிற சூட்டுக்காற்று அந்த வருஷம் நாள்கணக்கில் அடித்தது. அந்தப் பள்ளத்தாக்கில் தலைவலி வந்தாலும் மாடு பால் மறுத்தாலும் காற்றின் மேல்தான் பழி போடுவார்கள். மரம் காய்ந்து சுருங்கிவிட்டது என்று சொல்லி, பிடியில் பட்டி வைத்தான். முன்போலவே இறுகும்வரை அவள் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நாளில் மறுபடியும் ஆடியது. மறுபடியும் வைத்தான். இப்படியும் ஒரு மரம் சுருங்குமா என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு விசை கெட்டியாக இருக்கிறது என்றாள். எண்ணெய் குளிரில் உறைந்திருக்கும் என்று துடைத்து மாற்றினான், பயிற்சிக்காக விசையின் திருகாணியையும் தளர்த்தி இலேசாக்கிக் கொடுத்தான். ஒரு மனுஷன் துப்பாக்கியை இவ்வளவு பார்க்கிறானே, பிடித்திருக்கிற கையைப் பார்க்க மாட்டானா? பார்க்கவில்லை. குறை என்றால் அது துப்பாக்கியில்தான் இருக்கும் என்று ஆயுசு முழுக்கப் பழகியவன் அவன்.

மாநிலப் போட்டியன்று காலையில் திருகாணியைப் போட்டி விதி கேட்கிற கெட்டிக்கு முறுக்கி வைத்தான். விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், நழுவாமல் தாங்கியது. மாட்லேன் வரிசையில் நின்றாள். உத்தரவு வந்ததும் இரண்டு பக்கமும் வெடித்தது. அவள் துப்பாக்கி மட்டும் வெடிக்கவில்லை. வேலி ஓரத்தில் நின்றிருந்த பால்ட்ஸுக்கு மானம் போயிற்று. விசைக்குள் தான் போட்ட சுருள்வில்தான் காலைவாரிவிட்டது என்று நினைத்தான். துப்பாக்கியில் கோளாறு என்று மாட்லேன் இடக்கையை உயர்த்தினாள். களப் பொறுப்பாளர் காஸ்பர் எல்மர், பால்ட்ஸோடு ஞாயிறுதோறும் சீட்டாடுகிறவர், வந்து துப்பாக்கியை வாங்கி மண்மேட்டைப் பார்த்துச் சுட்டார். வெண்ணெயாக வேலை செய்தது.

“துப்பாக்கில ஒரு குறையும் இல்லப்பா,” என்றார் காஸ்பர், அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்து.

பால்ட்ஸ் அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையே இல்லை, ஒரு பள்ளம் இருந்தது.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“காத்து இல்ல பால்ட்ஸ். கைதான் தேயுது,” என்றாள் மாட்லேன். “கூடத்துல கத்தி நழுவ ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும்.”

“அப்புறம் ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ பட்டி வைக்கிறத நிறுத்திடுவ. எத்தனை வருஷமாச்சு நீ அப்படி என் கையப் பிடிச்சு.”

அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதான்.

நரம்பு வியாதி, மருந்து கிடையாது, முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், ஆனால் பால்ட்ஸுக்கு மனசு ஆறவில்லை. அவள் கைக்குத் தகுந்த மாதிரி கரண்டிக்குப் பட்டி வைத்தான், பல்துலக்கிக்கு வைத்தான், கோப்பைக் காதுக்கு வைத்தான். எல்லாம் பார்க்கச் சகிக்காது, எல்லாம் சொன்னபடி வேலை செய்தது. பிறகு அவற்றையும் பிடிக்க முடியாமல் போயிற்று. கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து மாடுகள் இறங்குகிற சமயத்தில் மாட்லேன் போய்விட்டாள்.

பனி விழத் தொடங்கியபோது பால்ட்ஸ் அவள் துப்பாக்கியை நிலவறைக்கு எடுத்துப் போனான். அவனுக்கு வேண்டியது பட்டிக்கு அடியில் இருந்தது. அவள் நல்ல கை, தெம்பான கை, வருஷக்கணக்காகப் பிடித்து வழவழப்பாக்கிய அந்த வால்நட். அதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருந்தது. பட்டியைச் சூடாக்கி, உளியால் நெம்பினான். ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது.

அடியில் வழவழப்பு இல்லை. மரம் முழுக்க அரத்தின் கீறல். பளபளப்பான மரத்தில் பட்டி ஒட்டாது. முதல் பூச்சு வைக்கும்முன் கரடுமுரடாக அராவியாக வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் அவனேதான் அராவியிருந்தான். அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. கட்டைவிரல் குழியிலிருந்து உள்ளங்கை மேடுவரை ஒரு இடம் விடாமல் அராவியிருந்தான்.

மேசையடியில் குனிந்து, உடைந்து கிடந்த பட்டிச் சில்லுகளைப் பொறுக்கினான். அவளுடைய மெலிந்த கையின் அச்சாவது அதில் இருந்தது. விளக்கடியில் வைத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தான். எது எந்த விரல் என்றே தெரியவில்லை.