ஜெபா கேட்டுக்கொள்ளாத சொல்

ஜெபாவுக்கு முதல் வேலை கும்மிடிப்பூண்டி பஜாரில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த பிசியோதெரபி கிளினிக்கில் கிடைத்தது. வந்தவர்கள் பெரும்பாலும் சிப்காட் ஆட்கள். தோள் இறுகிப்போன கிரேன் ஆபரேட்டர், இடுப்பு பிடித்துக்கொண்ட லோடுமேன், மெஷினில் மாட்டி விரல் மடங்காமல் போன பெண். நாலரை வருஷப் படிப்புக்கு மாதம் பதினாலாயிரம் சம்பளம். அவள் அப்பா தானியேல் ரோலிங் மில்லில் ஓவர்டைம் பார்த்தால் அதைவிட அதிகம் வாங்குவார்.

அந்த ஓவர்டைம்தான் அவர் முதுகை முறித்துக்கொண்டிருந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. ஆரம்பாக்கத்து வீட்டில் சாயங்காலம் அவரைக் குப்புறப் படுக்கவைத்து ஜெபா முதுகை நீவிவிடுவாள். நீவிவிட்ட முதுகோடு மறுநாள் அதே கம்பியிடம் போவார்.

“வேலைய வுட்டுடு நைனா.”

“வுட்டா டப்பு யாரு குடுப்பா? உன் கிளினிக்கு டாக்டரா?”

கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக துபாய், தோஹா, அயர்லாந்து என்று போய்க்கொண்டிருந்தார்கள். ஜெபாவும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்து, வளைகுடா வேலைக்கான உரிமத் தேர்வு எழுதினாள். தேறினாள். சென்னையில் ஆள் அனுப்பும் ஏஜென்சி வைத்திருந்த ஜெகன் இரண்டு வேலைகளை அவள் முன் வைத்தான்.

“ஆஸ்பத்திரின்னா வேல கத்துக்கலாம் மேடம். அனுபவம்னு காட்டிக்கினு அப்புறம் யூரோப் பக்கம் போலாம். மஸ்கட்ல ஒரு ஊட்டு வேல கீது. ஒரே பேஷண்டு. வெளிய காட்ட பெரிசா ஒண்ணும் இருக்காது, ஆனா சம்பளம் டபுள். தங்கறது, சாப்பாடு எல்லாம் அவங்களுது.”

ஜெபா வீட்டு வேலையை எடுத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் தானியேல் மில்லுக்குப் போவதை நிறுத்தினார்.

மஸ்கட் வீட்டில் அவள் பார்க்க வேண்டியவன் சாலிம். இருபத்து மூன்று வயது. கார் விபத்தில் மண்டையில் அடிபட்டு, கண்களைத் திறந்தபடியே கிடந்தான். கண்கள் எதையும் தொடரவில்லை. தொண்டையில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய். சளி உறிஞ்சுகிற மெஷினை லிஸி என்ற மலையாள நர்ஸ் பார்த்துக்கொண்டாள். ஜெபாவின் வேலை மூட்டுகள் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வது. காலையும் மாலையும் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், பிறகு இடுப்பு, முழங்கால், கணுக்கால். அவனுடைய உடம்பை அவனுக்குப் பதிலாக அவள் அசைத்தாள்.

அசைக்கும்போது பேசுவாள். அவனுக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு வசதியாகவே இருந்தது. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் சீட்டுக்கு நடக்கிற சண்டை, அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு, ஒருவரிடமும் சொல்லாத ஒரு காதல், எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். கடைசியாகத் தன் இரண்டு விரல்களை அவன் உள்ளங்கையில் வைத்து, ‘பிடி’ என்று அரபியில் சொல்வாள். அந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்ட முதல் அரபிச் சொல் அது. அவன் கை ஈரத் துணிபோலக் கிடக்கும்.

அவனுடைய தாய் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். உடைந்த இந்தியில் ஜெபாவை மகளே என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டாவது வருஷ முடிவில் சாலிமின் அண்ணன் வந்தார். தம்பியை அரசாங்கப் பராமரிப்பு விடுதிக்கு மாற்றிவிடலாம், இனிக் காய்ச்சல் வந்தால் மெஷின்களில் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்றார். தாய் அழுதாள், ஆனால் மறுக்கவில்லை. ஜெபாவிடம் அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஆரம்பாக்கத்தில் அப்போதுதான் வீட்டுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் ஒரு காலை. ஜெபா விரல்களை வைத்தாள். ‘பிடி’ என்றாள். சாலிமின் விரல்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக மூடி அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டன.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “அம்மா, பிடித்துவிட்டான். நான் சொன்னதைக் கேட்டுப் பிடித்தான்.”

தாய் ஓடிவந்தாள். மகனுடைய முகத்தில் முத்தமிட்டாள், ஜெபாவின் கையிலும் முத்தமிட்டாள். மறுநாள் வந்த டாக்டர் பார்த்துவிட்டு, இது தானாக நடக்கிற அனிச்சைச் செயல், பச்சைக் குழந்தைகூட உள்ளங்கையில் எதை வைத்தாலும் பிடிக்கும் என்றார். தாய் அவரை நம்பவில்லை. ஜெபாவைத்தான் நம்பினாள்.

சாலிம் வீட்டிலேயே இருந்தான். ஒப்பந்தம் நீண்டது. சம்பளமும் கூடியது.

சில நாள் கழித்து லிஸி ஒரு துவாலையைச் சுருட்டி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அதையும் அதே மாதிரி பிடித்துக்கொண்டான்.

“கண்டோ?” என்றாள் லிஸி.

ஜெபாவுக்கு இது படிக்கும்போதே தெரிந்த பாடம். பிடிப்பது சாட்சியாகாது. சொன்னவுடன் விடுகிறானா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக ‘பிடி’ என்று சொல்லிவந்தவள், ‘விடு’ என்பதற்கு அரபியில் என்ன சொல் என்று யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. துவாலையைப் பார்த்த பிறகும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சாலிம் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தான். நல்ல வருஷம் அல்ல. முதுகின் அடியில் புண் வந்தது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் மாறி மாறி அடித்தது. முழங்காலை நீட்டும்போது அவன் நெற்றி சுருங்கும். அதுவும் அனிச்சையாகவே இருக்கலாம். கடைசிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஜெபா புறப்படும்போது தாய் அவளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: “அன்றைக்கு நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் அவனை விட்டிருப்பேன், மகளே.”

அது நன்றியா, வேறு ஏதாவதா என்று விமானத்தில் யோசிக்கத் தொடங்கியவள் ஊருக்கு வந்தும் நிறுத்தவில்லை.

வீட்டு மாடி முடிந்திருந்தது. கடல் காற்று நேராக வரும் அறை. அதை அவளுக்கென்றே கட்டியிருந்தார்கள். முதல் நாள் காலை அங்கே கண் விழித்தபோது வலது கையின் இரண்டு விரல்களை யாரோ பிடித்திருந்தார்கள். உதறிக்கொண்டு எழுந்தாள். போர்வை கால்மாட்டில் கிடந்தது, கையருகே ஒன்றுமில்லை. மறுநாளும் அப்படியே. அதே வேளையில், அதே இரண்டு விரல்கள். சில நாள் அறைக்குள் மஸ்கட் வீட்டின் சாம்பிராணி வாசனை வந்தது. எண்ணூர்ப் பக்கத்துப் புகை வாசனையாக இருக்கும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். ரயில் பிரேக் போடும்போது சளி உறிஞ்சுகிற மெஷின் சத்தம் கேட்டது.

கீழே வந்து கூடத்தில் படுத்துக்கொண்டாள். அம்மா சாராள் பயந்துபோனாள்.

“பாஸ்டர கூட்டியாந்து ஜெபம் பண்ணலாமா? அந்த ஊட்டுல செத்தவன் இவ கூடவே வந்துட்டான் போல.”

தானியேல் மகளைப் பார்த்தார். “வந்துட்டானா?”

“தெரியல நைனா. அவன் இருந்தப்பவே, இருந்தானா இல்லியான்னு எனுக்கு தெரியாது.”

பழைய கிளினிக்கிலேயே மறுபடி சேர்ந்தாள். மஸ்கட்டில் ஒரே நோயாளியோடு கழிந்த வருஷங்கள் எங்கேயும் பெரிதாக எடுபடவில்லை. யார் கையைத் தொட்டாலும் அந்தக் கை மூடுகிறதா என்று முதலில் பார்க்கிற பழக்கம் வந்தது. அவளோடு படித்தவர்கள் இதற்குள் ஆஸ்பத்திரிகளில் சீனியர் ஆகியிருந்தார்கள்.

அப்போதுதான் தமிழ்செல்வி வந்தாள். அவள் புருஷன் ரகு, வள்ளூர்ப் பக்கம் கான்ட்ராக்ட் வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கிறது, பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து கை கால் அசைத்துவிட ஆள் வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லத்தான் ஜெபா நினைத்தாள். “எப்ப வரணும்?” என்று கேட்டுவிட்டாள்.

இரண்டாவது வாரம், அவள் செருப்பைக் கழற்றும்போதே தமிழ்செல்வி ஓடிவந்தாள்.

“அக்கா! காலைல என் வெரல புட்ச்சிகினாரு! நான் ‘இன்னாங்க’ன்றேன், கெட்டியா புட்ச்சிகினாரு!”

ஜெபா உள்ளே போய், ஒரு துணியைச் சுருட்டி ரகுவின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைப் பிடித்தான்.

“துணியயும்தான் புடிக்கிறாரு தமிழு. இது தானா நடக்கறது. உன்ன தெரிஞ்சு புடிக்கறாருன்னு என்னால சொல்ல முடியாது.”

தமிழ்செல்வியின் முகம் செத்துப்போனது. “அப்ப உள்ள ஆள் இல்லியா?”

“அதுவும் எனுக்கு தெரியாது.”

“தெரியாதுன்றதுக்கா உன்ன கூப்ட்டேன்? போ. இனிமே வராத.”

ஜெபா போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் விரல்களை ரகுவின் கையில் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். அவள் அவன் காதருகே குனிந்தாள். அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொன்னாள்.

“ரகு, விடு.”

விடவில்லை. மறுநாளும் விடவில்லை. தமிழ்செல்வி அவளோடு பேசாமலே கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஜெபா தினமும் விரல்களைக் கொடுத்து, ‘விடு’ என்றாள். வாரங்கள் போயின. ஒரு நாள் சொல்லி முடித்து, நம்பிக்கை இல்லாமல் விரல்களை இழுத்துக்கொள்ளப் போகும்போது, ரகுவின் கட்டைவிரல் விலகியது. பிறகு சுட்டுவிரல். பிறகு கை முழுவதும் திறந்து, கட்டிலில் மல்லாந்து கிடந்தது.

‘பிடி’ என்றாள். பிடித்தான். ‘விடு’ என்றாள். விட்டான்.

தமிழ்செல்வி தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். ஜெபாவும் அழுதாள். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்கு அழுகிறார்கள் என்று தமிழ்செல்வி நினைத்தாள்.

ஜெபாவின் காரணம் வேறு: ரகு உள்ளே இருந்தான் என்றால் சாலிமும் இருந்திருக்கலாம். அன்றோடு சந்தேகம் இரண்டு பக்கமும் கூர்மையாகிவிட்டது. சாலிம் உள்ளே இல்லையென்றால், அவள் சம்பளத்துக்காக ஒரு தாயிடம் இல்லாததைச் சொல்லியிருக்கிறாள். உள்ளே இருந்தான் என்றால், அந்தப் புண், அந்தக் குழாய், நெற்றியின் சுருக்கம் எல்லாம் அவனுக்குத் தெரிந்தே நடந்திருக்கின்றன. எது உண்மையாக இருந்தால் தேவலை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ரகு மெல்லத் தேறி உட்காரத் தொடங்கிய பிறகு ஜெகன் போன் செய்தான். அபுதாபியில் மறுபடி ஒரு வீட்டு வேலை, முன்பைவிட நல்ல சம்பளம். ஜெபா மறுத்துவிட்டாள். ஷார்ஜாவில் ஒரு ஆஸ்பத்திரியில், அதில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். அவளுடைய தலைமை அதிகாரி அவளை நரம்பியல் பிரிவுக்குப் போகச் சொன்னார். பதவி உயர்வு உண்டு. அதையும் வேண்டாம் என்று, மூட்டு மாற்றியவர்களை நடக்கவைக்கிற பிரிவிலேயே இருந்தாள். அங்கே நோயாளிகள் வலித்தால் கத்துவார்கள், திட்டுவார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், தமிழ்செல்வி வீடியோவில் வந்தாள். ரகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். திக்கித் திக்கிப் பேசுவான் என்றாள்.

“ஆஸ்பத்திரில இருந்தது ஒண்ணும் ஞாபகம் இல்லியாம் அக்கா. ஊட்டுல இருந்தது மட்டும் லேசா ஞாபகம் கீதாம். யாரோ ‘விடு, விடு’ன்னு சொல்லிக்கினே இருந்தாங்களாம். உங்க கொரலுதான்.”

ஜெபாவின் கை தட்டிலேயே நின்றது.

“தமிழு, அவர ஒண்ணு கேளு. நான் காலு நீட்டி மடக்கறப்ப வலிச்சுதா?”

தமிழ்செல்வி திரும்பிக் கேட்டாள். ரகு நெடுநேரம் யோசித்தான். உதடுகள் அசைந்தன. தமிழ்செல்வி அவன் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, சிரித்தபடியே திரும்பினாள். நடந்து முடிந்த கஷ்டத்தைச் சொல்கிறவளின் சிரிப்பு.

“ரொம்ப வலிச்சுதாம் அக்கா. கத்துனாராம். யாருக்கும் கேக்கலியாம்.”

நடக்க உதவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அடுத்த நோயாளி, முழங்கால் மாற்றிய ஒரு பருத்த மனிதர், வாசலில் வந்து நின்றார். ஜெபா போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்தாள். அவருடைய முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, “வலித்தால் சொல்லுங்கள்” என்றாள். அவர் ஒரு அடி எடுத்து வைத்து, உரக்கக் கத்தினார்.